கட்டம் போடாத கோடு: துர்காபாய் வியாமும் அண்ணலின் கதையும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவாகக் கொல்லிமலை, செம்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் படக்கதை பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னபோது, ஏற்பாட்டுக் குழுவிலேயே சிலர் தயங்கினார்கள். அரசியல் சட்டம், இடஒதுக்கீடு, நிலவுரிமை என்று எத்தனையோ தலைப்புகள் இருக்க, காமிக்ஸ் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக, இந்த மலையில் எங்களுக்கு நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் இங்கே விடுதி மாணவர்களோடு சில வாரங்கள் மாலை வகுப்பு நடத்தினோம். ஒருநாள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, அண்ணலை வரையச் சொன்னோம். எல்லாத் தாளிலும் ஒரே படம்: நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, ஒரு கையில் புத்தகம், நீட்டிய விரல். சுற்றிலும் அளவுகோல் வைத்துப் போட்ட கட்டம். ஊர் நுழைவாயிலில் நிற்கும் சிலையை, கம்பிக் கூண்டு உட்பட, தாளில் இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் எதுவும் வரையவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிப்பவள், மலையாளிப் பழங்குடிப் பெண். ஏன் என்று கேட்டோம். "அக்கா, அவரு உங்க ஆளுங்களுக்குத்தானே தலைவரு? எங்களுக்கு என்ன பண்ணாரு?" என்றாள்.

உடனே வாயில் வந்ததைச் சொன்னோம். பட்டியல் பழங்குடியினருக்கான தனித்தொகுதி, கல்வி வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு, இந்த மலை அடங்கிய சேந்தமங்கலம் தொகுதி பழங்குடியினருக்கென்று இருப்பது, எல்லாம் சொன்னோம். கேட்டுக்கொண்டாள். ஆனால் வரையவில்லை. நாங்கள் சொன்னது தகவல்; அவள் கேட்டது வேறு. தன் வீட்டுக்கும் அந்த மனிதருக்கும் என்ன உறவு என்பதுதான் அவள் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது எங்கள் கைக்கு மறுபடியும் வந்த புத்தகம் 'பீமாயணம்'. அதை வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஆதிவாசி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதியர். இன்றைய பேச்சு, குறிப்பாகத் துர்காபாயின் வாழ்க்கையையும் உழைப்பையும் பற்றியது.

காமிக்ஸ் தொழிலும் சுயேச்சைக் கலைஞரும்

தமிழில் காமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு முத்து காமிக்ஸ் நினைவுக்கு வரும். 1972இல் சிவகாசியிலிருந்து அது வெளிவரத் தொடங்கியது. இரும்புக்கை மாயாவியை வாடகைக்கு வாங்கிப் படித்த தலைமுறை நாங்கள். அந்த மாயாவி இங்கிலாந்துக்காரர். படமும் கதையும் அங்கிருந்து வந்தன, தமிழ் மட்டும் நம்முடையது. இன்னொரு பக்கம், 1967இல் ஆனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை. புராணங்களையும் அரசர்களையும் நிறைய வரைந்து தள்ளிய அந்த வரிசையில், 1979இல் பாபாசாகேப் அம்பேத்கருக்கும் ஓர் இதழ் கிடைத்தது.

இத்தகைய படக்கதை எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். ஒருவர் கதை எழுதுவார். அதைப் பக்கத்துக்கு இத்தனை கட்டம் என்று பிரிப்பார்கள். ஓவியர் கட்டத்துக்குள் வரைவார். வேறொருவர் மை ஏற்றுவார், இன்னொருவர் பேச்சுக் குமிழிக்குள் எழுத்தை நிரப்புவார். பெரும்பாலும் ஓவியருக்குப் பக்கக் கணக்கில் கூலி. படத்தின் உரிமை நிறுவனத்துக்கு. கட்டம் எத்தனை, அதில் யார் பெரிதாக, யார் சிறிதாக என்பதை முடிவு செய்பவர் வரைபவர் அல்ல. நமக்கு இது புதிய செய்தி இல்லை. உழைப்பு ஒருவருடையது, அளவு போடுவது இன்னொருவர் என்ற ஏற்பாட்டை நாம் வயலிலும் பார்த்திருக்கிறோம், சூளையிலும் பார்த்திருக்கிறோம்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்று, எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, பக்கத்தை எப்படிப் பகிர்வது என்பதைத் தானே முடிவு செய்பவரைத்தான் சுயேச்சைக் காமிக்ஸ் படைப்பாளி என்கிறோம். இந்தியாவில் அப்படி ஒரு பாதையைத் திறந்தவர்களில் முக்கியமானவர் ஓரிஜித் சென். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர். நர்மதை அணைக்கு எதிரான போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்டு 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' என்ற படக்கதையை அவர் எழுதி வரைந்தார். 1994இல் கல்பவிருக்ஷ் என்ற சூழலியல் அமைப்பு அதை வெளியிட்டது. நகரத்து இளம் பத்திரிகையாளன் ஒருவனின் பயணமும், ஆதிவாசிப் பாடகர் ஒருவர் பாடும் உலகத் தோற்றக் கதையும் அதில் இணையாக ஓடும். நெடுங்காலம் கடைகளில் கிடைக்காமலிருந்த அந்தப் புத்தகத்தை 2022இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் மறுபடியும் கொண்டுவந்தது.

சென் ஆதிவாசிகளின் பக்கம் நின்று வரைந்தார். அதில் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே ஆதிவாசி வரையப்படுபவர். வரைபவர் நகரத்துக் கலைஞர். அதே நர்மதையின் மேற்பகுதியில், மண்ட்லா மாவட்டத்தில், கோண்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலேயே படக்கதை வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2011இல்தான் விடை கிடைத்தது.

சாணம் மெழுகிய சுவரிலிருந்து

துர்காபாய் 1970களின் தொடக்கத்தில் மண்ட்லா மாவட்டத்தின் பர்பஸ்பூர் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுமியாக இருந்தபோதே அம்மாவிடமிருந்து 'டிக்னா' கற்றுக்கொண்டார். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் வீட்டுச் சுவரிலும் தரையிலும் சாணம் மெழுகி, வெள்ளை மண், செம்மண், மஞ்சள் மண் கொண்டு பெண்கள் போடும் கோலம் அது. நம் வீட்டுப் பெண்கள் திண்ணைக்குச் செம்மண் பட்டை தீட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள், உறவு புரிந்துவிடும். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை. வீட்டு வேலை என்றுதான் சொன்னார்கள்.

அவர் பிறந்தது கோண்டுகளுக்குள் பர்தான் என்ற பிரிவில். பர்தான்கள் பாணர்கள். 'பானா' என்ற நரம்பிசைக் கருவியோடு கோண்டு வீடுகளுக்குச் சென்று, படா தேவ் என்னும் பெருந்தெய்வத்தையும் அந்தக் குடும்பங்களின் முன்னோர் வரலாற்றையும் பாடுவார்கள். பதிலுக்குத் தானியமோ துணியோ கால்நடையோ கிடைக்கும். பாட்டு கேட்கும் வீடுகள் குறைந்துபோன காலத்தில், பாடியவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். நர்மதையில் கட்டி 1990இல் முடித்த பர்கி அணையால் மண்ட்லா, சிவனி, ஜபல்பூர் மாவட்டங்களில் 162 கிராமங்கள் பாதிக்கப்பட்டதும் இந்த வரலாற்றின் பகுதிதான். கேட்பவர்கள் இடம்பெயர்ந்தால் பாணரின் பாட்டும் வீடிழக்கிறது.

இந்த இடத்தில் ஜங்கர் சிங் ஷியாம் என்ற பெயரைச் சொல்லியாக வேண்டும். பாட்டன்கட் கிராமத்துப் பர்தான் இளைஞர். போபாலில் பாரத் பவன் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஓவியர் ஜே. சுவாமிநாதன் அனுப்பிய குழு 1981 வாக்கில் அவர் வரைந்திருந்த சுவரைக் கண்டது. அவரைப் போபாலுக்கு அழைத்துச் சென்றார்கள். தாளும் துணியும் கடை வண்ணங்களும் கையில் கிடைத்ததும், பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு ஜங்கர் உருவம் கொடுத்தார். புள்ளியும் சிறு கோடும் நிறைந்த அந்தப் பாணியை இன்று பலரும் அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். உறவினர்களை ஒவ்வொருவராகப் போபாலுக்கு வரவழைத்து வரையப் பழக்கினார். துர்காபாயும் சுபாஷும் அப்படி வந்தவர்களே. சுபாஷின் சகோதரி நன்குசியா ஜங்கரின் மனைவி. சுபாஷ் முதலில் மண்ணில் உருவம் செய்தவர், பிறகு ஓவியத்துக்கு வந்தார். ஒரே பாணி என்று தூரத்திலிருந்து தோன்றினாலும், உருவத்தின் உள்ளே நிரப்பும் கோட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் உண்டு. கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நிரப்பிய விதத்தைப் பார்த்தே இது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

பாரிஸ் வரை போய்க் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஜங்கர், 2001இல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. உலகம் கொண்டாடிய கலைஞர், ஊரிலிருந்து வெகுதூரத்தில், மாதச் சம்பளத்துக்கு வரையும் கையாக ஏன் இருக்க நேர்ந்தது என்று இந்தியக் கலையுலகம் அப்போது தன்னைக் கேட்டுக்கொண்டது. சுயேச்சை என்ற சொல்லை நாம் லேசாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். கோடு உன்னுடையது என்று எல்லோரும் பாராட்டலாம். எங்கே, எவ்வளவு நாள், என்ன கூலிக்கு என்பதையும் நீயே முடிவு செய்ய முடிகிறதா என்பதில்தான் சுயேச்சை இருக்கிறது.

துர்காபாயின் பாதை புத்தகங்களின் வழியே விரிந்தது. அதற்குச் சென்னைக்கும் பங்கு உண்டு. 2006இல் தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' நூலில் பஜ்ஜு ஷியாம், ராம் சிங் உர்வேதி ஆகியோரோடு துர்காபாயும் வரைந்தார். கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சு முறையில் ஒவ்வொரு பக்கமாக அச்சிட்ட புத்தகம் அது. 2008இல் இத்தாலியின் போலோன்யா குழந்தை நூல் கண்காட்சியில் விருது பெற்றது. நம் இயக்கத்துக்கு அதைவிட முக்கியமானது 2007இல் நடந்தது. காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதிய 'டர்னிங் தி பாட், டில்லிங் தி லேண்ட்' நூலை நவயானா வெளியிட்டது. குயவர், உழவர், தோல் பதனிடுவோர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என்று உழைக்கும் சாதிகளின் அறிவைச் சொல்லும் அந்த நூலுக்குப் படம் வரைந்தவர் துர்காபாய். நவயானா, 2003இல் நம் எழுத்தாளர் ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் சேர்ந்து சாதி எதிர்ப்பு நூல்களுக்கென்றே தொடங்கிய பதிப்பகம். ஆக, அண்ணலை வரைவதற்கு முன்பே துர்காபாயின் கை சாதி ஒழிப்பு எழுத்தோடு பழகிவிட்டது.

கட்டம் வேண்டாம் என்றவர்கள்

2011இல் நவயானா 'பீமாயணா'வை வெளியிட்டது. அட்டையில் ஓவியம் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். கதை ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். மூலம் அண்ணலே எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் அறிந்த சிறு நூல். தமிழிலும் 'பீமாயணம்' என்றே வந்திருக்கிறது. பெயரில் இராமாயணச் சாயல் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்த வாதத்தை இன்று விரிக்கவில்லை.

புத்தகம் தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மூன்று பகுதி. இன்றைய நகரத்தில், பேருந்து நிறுத்தத்தில், இடஒதுக்கீட்டைக் குறைசொல்லும் ஒருவனிடம் ஒரு பெண் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள். தண்ணீர்ப் பகுதியில் பள்ளியில் தாகத்தோடு நிற்கும் சிறுவன் பீம். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்டு, மசூர் ரயில் நிலையத்தில் சாதி தெரிந்ததும் வண்டி கிடைக்காமல், இரட்டைக் கூலி கொடுத்துத் தாங்களே மாட்டுவண்டி ஓட்டி, இரவெல்லாம் குடிக்கத் தண்ணீரில்லாமல் தவித்த பிள்ளைகள். தங்குமிடப் பகுதியில் 1917இல் அமெரிக்காவில் படித்துத் திரும்பிப் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டுகிறார்கள். பயணப் பகுதியில் 1929 சாலிஸ்கானும் 1934 தௌலதாபாத் கோட்டையும். நடுநடுவே நம் காலத்துச் செய்திகளும் வருகின்றன. 2006 கயர்லாஞ்சிப் படுகொலையும் அதில் உண்டு.

இதையெல்லாம் நாம் படித்திருக்கிறோம். வியாம் தம்பதியர் என்ன புதிதாகச் செய்தார்கள்? முதலாவதாக, கட்டத்தை மறுத்தார்கள். காமிக்ஸ் பக்கத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் வழக்கத்தைக் காட்டியபோது, மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும், எங்கள் வரைமுறை திறந்தது என்று மறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, அம்மாவிடம் கற்ற டிக்னா கோலத்தையே பக்கத்தில் நெளிய விட்டு, அதைக் கொண்டு ஒரு நிகழ்வையும் அடுத்ததையும் பிரித்தார்கள். வீட்டு வேலை என்று தள்ளப்பட்ட பெண்களின் கோடு, ஒரு தலைவரின் வரலாற்றைத் தாங்கும் இலக்கணமாயிற்று. எழுதியவர்களும் அவர்கள் வரைந்ததற்கேற்பத் தங்கள் எழுத்தை மாற்ற வேண்டி வந்தது. கதை சொல்லப்பட்டது, பாணர் மரபில் வந்தவர்கள் கேட்டார்கள், கேட்டதைத் தங்கள் முறையில் திருப்பிச் சொன்னார்கள்.

தீண்டாமை என்பதே இடத்தைக் கட்டம் போட்டுப் பிரிக்கும் வேலைதான். ஊர் ஒரு கட்டம், சேரி ஒரு கட்டம். தனிக் குவளை, தனி வரிசை, தனிச் சுடுகாடு. அதை அனுபவித்தவரின் கதையைக் கட்டம் இல்லாமல் வரைந்ததை வெறும் அழகியல் விஷயமாக எங்களால் பார்க்க முடியவில்லை. கோட்டின் மொழியில் செய்யப்பட்ட சாதி மறுப்பு அது.

இரண்டாவது, பேச்சுக் குமிழிகள். ஒடுக்கப்பட்டவர்களும் அன்பானவர்களும் பேசும்போது குமிழி பறவை வடிவில் இருக்கிறது. சாதி வெறியோடு பேசுபவரின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு. மனதுக்குள் நினைப்பதற்கு ஒரு கண், மனக்கண். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பக்கத்தைப் பார்த்ததும் யாருடைய வாயில் விஷம் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் செய்த வடிவமைப்பு என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, உயிர்களின் உலகம். ரயில் பாம்பாக ஊர்கிறது. கோட்டை கொடிய விலங்காகிறது. தாகத்தில் தவிக்கும் பீமின் உடலே மீனாகிறது. நீரில்லாத மீனின் தவிப்பைப் புரிந்துகொள்ள யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம். அமர் சித்திரக் கதையின் அம்பேத்கர் எப்போதும் மனிதர்களுக்கு நடுவே இருக்கிறார். வியாம்களின் அம்பேத்கரோடு மரமும் பறவையும் மாடும் மீனும் சேர்ந்து நிற்கின்றன.

ஆதிவாசியும் அண்ணலும்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டுமானால், நமக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், பழங்குடியினரை நாகரிக நிலைக்குக் கொண்டுவர இந்துக்கள் முயலவில்லை என்று அண்ணல் குற்றம் சாட்டுகிறார். குற்றச்சாட்டு இந்துச் சமூகத்தின் மீதுதான். ஆனாலும் பழங்குடியினர் நாகரிகமற்றவர்கள் என்ற அக்காலப் பார்வை அதில் படிந்திருக்கிறது. 1945 மே மாதம் பம்பாயில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மாநாட்டில் பேசும்போதும், தம் அரசியல் திட்டத்தில் பழங்குடியினரைச் சேர்க்காததற்கு, அவர்களிடம் அரசியல் உணர்வு இன்னும் வளரவில்லை என்று காரணம் சொன்னார். அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா எழுந்து, ஆதிவாசிகளுக்கு ஜனநாயகத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்ற பொருளில் பேசியதை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தலைவரை நேசிப்பது என்றால் அவருடைய எல்லா வரியையும் பூஜை அறையில் வைப்பது என்று அர்த்தமில்லை. அவரே அதை ஏற்றிருக்க மாட்டார்.

அதே அரசியல் சட்டத்தில்தான் பட்டியல் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகளும் ஐந்தாம் ஆறாம் அட்டவணைகளும் இடம்பெற்றன. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. கொல்லிமலையும் அதில் இல்லை. 'எங்களுக்கு என்ன' என்று ஒரு மலைப் பெண் கேட்டால், பாதிப் பதில் சட்டத்தில் இருக்கிறது, மீதிப் பாதி இன்னும் போராடிப் பெற வேண்டியதாக இருக்கிறது.

இந்தப் பின்னணியில் 'பீமாயண'த்தைப் பாருங்கள். நாகரிகம் கற்க வேண்டியவர்கள் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட மக்களிலிருந்து ஒரு பெண்ணும் ஆணும் வந்து, அண்ணலின் வாழ்க்கையை எடுத்துத் தங்கள் மொழியில் சொல்கிறார்கள். யாரும் அவர்களை அவரிடம் கைபிடித்து அழைத்துப் போகவில்லை. அவர்களே அவரைத் தங்கள் வீட்டுச் சுவருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். முன்னோரின் கதையைப் பாடும் பாணர்கள், தங்கள் குலத்தில் பிறக்காத ஒருவரை முன்னோர் வரிசையில் வைத்துப் பாடியது போன்றது இது. தலித் ஆதிவாசி ஒற்றுமை என்று மேடையில் நாம் தீர்மானம் போடுகிறோம். அந்த ஒற்றுமைக்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று வேண்டுமென்றால், இந்தப் புத்தகத்தைக் காட்டலாம்.

பெயர், கூலி, விருது

இனிக் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். எழுத்தைச் செய்த இருவரும் தலித்துகள் அல்லர். அண்ணலின் கதையை ஆங்கிலத்தில் யார் சொல்கிறார்கள், யாருக்காகச் சொல்கிறார்கள் என்ற விவாதம் நியாயமானது. நல்ல தாளில் அழகாக அச்சிட்ட புத்தகம் சேரிக்கும் மலைக்கும் எட்டும் விலையில் இருக்கிறதா என்பதும் நியாயமான கேள்வி. உலகத்தின் சிறந்த அரசியல் படக்கதைகள் ஐந்தில் ஒன்று என்று சி.என்.என். பட்டியலிட்டது. எங்கள் மாலை வகுப்புக்கு வந்த மாணவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். அட்டையில் ஓவியர்களின் பெயர் இருக்கிறது. நம் கோயில்களின் சிற்பங்களைச் செதுக்கியவர்களின் பெயர் எங்கே? பறையை இழுத்துக் கட்டியவரின் பெயர் எங்கே? 'பழங்குடிக் கலை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அது யாருடையதும் இல்லை, யார் வேண்டுமானாலும் பையிலும் துணியிலும் அச்சடித்து விற்கலாம். துர்காபாய் வியாம் என்று சொன்னால், அவரைக் கேட்க வேண்டும், அவருக்குக் கொடுக்க வேண்டும். பெயர் என்பது உரிமையின் முதல் பத்திரம்.

புத்தகத்தோடு அவர்கள் நின்றுவிடவும் இல்லை. 2018 கொச்சி முசிரிஸ் கலைத் திருவிழாவில் பலகைகளை வெட்டி, சுவரை நிறைக்கும் அளவில் தங்கள் ஊர்க் கதையைத் தாங்களே சொன்னார்கள். அங்கே கதையும் அவர்களுடையது, வடிவமும் அவர்களுடையது. 2022இல் துர்காபாய்க்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருதை நாம் கொண்டாடுவோம். ஆனால் விருது வந்ததால் அவர் கலைஞரானார் என்று யாராவது எழுதினால், சாணம் மெழுகிய அந்த முதல் சுவரை நினைவூட்டுவோம்.

இந்த மலைக்கு

மாணவ நண்பர்களே, படக்கதை எழுதப் பெரிய முதலீடு வேண்டாம். தாள், பேனா, நகல் எடுக்கும் கடை போதும். எட்டுப் பக்கத்தை மடித்தால் ஒரு புத்தகம். சில காரியங்களில் மட்டும் உறுதியாக இருங்கள். உங்கள் வீட்டிலிருந்து கோட்டை எடுங்கள். அம்மா, பாட்டி தரையில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். கதையை முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எங்கே தலையை நிமிர்த்துகிறாரோ அங்கே பக்கத்தைத் திருப்புங்கள். வரைந்ததில் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். யாராவது அச்சிடக் கேட்டால், கொடுக்கும் முன் என்ன தருவீர்கள், எத்தனை படி போடுவீர்கள், மூலப்படம் யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதைக் கேட்பது பேராசை ஆகாது.

'பீமாயண'த்தைக் கொண்டுவந்து அந்த மாலை வகுப்பில் கொடுத்தோம். பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பறவைக் குமிழியும் தேள் குமிழியும் பற்றிப் பேச்சு வந்தது. தேள் கொட்டினால் உடனே தெரியும், கத்திவிடுவோம் என்றான் ஒருவன். அப்போதுதான் அந்த மாணவி வாயைத் திறந்தாள். "அப்படித் திட்டுறவங்க கொஞ்ச பேருதான் அக்கா. கீழ ஊருல கடையில, பஸ்ஸுல எல்லாரும் சிரிச்சுத்தான் பேசுவாங்க. மலையில இருந்து வந்திருக்கியா, பரவாயில்லையே, நல்லாப் பேசுறியே அப்படின்னு. அதுக்குத் தேள் சரியா வராது. அட்டைதான் போடணும். மழைக்காலத்து அட்டை. ஒட்டுறதே தெரியாது, ரத்தம் மட்டும் போயிருக்கும்."

தாளை எடுத்து வரைந்தும் காட்டினாள். குமிழியின் வால், காலில் ஒட்டிய அட்டையாக வளைந்திருந்தது. சமூகவியல் படித்த நாங்கள் பல பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை, அந்த ஒரு கோடு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் அண்ணலை வரைந்தாள். கோட்டு இருந்தது, கண்ணாடி இருந்தது. அவர் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கட்டம் இல்லை. தாளின் ஓரத்தில், நாங்கள் சொல்லாமலேயே, தன் பெயரை எழுதியிருந்தாள்.

ஜெய் பீம்.